உரக்கடை மாடியில் பன்னிரண்டு அமர்வுகள்: கிருஷ்ணகிரியில் மனநல ஆலோசனைக்குப் போன அனுபவம்

கிருஷ்ணகிரியில் மனநல ஆலோசனைக்கு எங்கே போகலாம், போனால் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் போனது ஒரு தனியார் ஆலோசனை அறை. கீழே உரக்கடை, மாடியில் இரண்டு சின்ன அறைகள். 2024 ஜனவரி முதல் ஏப்ரல் கடைசி வரை பன்னிரண்டு முறை போனேன். ஓர் அமர்வு ஐம்பது நிமிடம், கட்டணம் 600 ரூபாய். பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று அந்த ஆலோசகர் அம்மா கேட்டுக்கொண்டார். ஏற்கனவே வருகிறவர்களுக்கே நேரம் ஒதுக்க முடியவில்லையாம். அதனால் பெயர் இல்லாமலே எழுதுகிறேன். எந்த ஊரில் யாரிடம் போனாலும் எதைப் பார்த்து முடிவு செய்யலாம் என்பதற்கு இது உதவினால் போதும்.

நான் மாங்கூழ்த் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். வயது 46. இங்கே அரசு கலைக் கல்லூரியில் வேதியியல் படித்தவன். ஜூன் பிறந்தால் பெங்களூரா காய் லாரி லாரியாக வந்து இறங்கும். கூழில் ஒரு சொட்டு எடுத்து ரிஃப்ராக்டோமீட்டர் கண்ணாடியில் வைத்துப் பிரிக்ஸ், அதாவது சர்க்கரை அளவு, பார்ப்பேன். 14-க்குக் குறைந்தால் கையெழுத்துப் போடமாட்டேன். இருபத்திரண்டு வருடமாக இதுதான் வேலை. அளந்து பார்க்காத எதையும் ஒப்புக்கொள்ளாத பழக்கம் அதிலிருந்து வந்தது. அந்தப் பழக்கத்தோடுதான் மாடிப்படி ஏறினேன்.

2023 ஏப்ரலில் அப்பா போய்விட்டார். சந்தூர்ப் பக்கம் மாங்கன்று ஒட்டுக்கட்டி விற்றே எங்களை வளர்த்தவர். காரியம் முடித்து மூச்சு விடுவதற்குள் சீசன் வந்துவிட்டது. ஆகஸ்டில், நான் பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பிய எண்பது டிரம் கூழ், கரும்புள்ளி இருக்கிறது என்று திரும்பி வந்தது. முதலாளி திட்டவில்லை. "விடுங்க, நடக்கிறதுதானே" என்றார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

செப்டம்பரில் ஒரு நாள் காலை வேலைக்குக் கிளம்பி, கட்டிலில் உட்கார்ந்து ஒரு காலில் செருப்பை மாட்டினேன். இன்னொரு காலுக்கு மாட்ட முடியவில்லை. வலி இல்லை, மயக்கம் இல்லை. கை போகவில்லை, அவ்வளவுதான். மனைவி வந்து பார்த்தபோது முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து தினமும் இப்படித்தான். விடிகாலை மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடும். சாப்பாடு வாயில் மண் மாதிரி இருக்கும். பிள்ளைகள் பேசினால் தூரத்தில் யாரோ பேசுவது போலக் கேட்கும்.

அம்மா ஆஞ்சநேயர் கோயிலில் வேண்டிக்கொண்டு தேங்காய் கட்டிவிட்டு வந்தார். அப்புறம் கையில் கயிறு கட்டினார். நான் மறுக்கவில்லை, மறுக்கத் தெம்பும் இல்லை. அம்மாவுக்குச் சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் அந்தத் திட்டத்தைத் தொடங்கினார்கள். மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் பெண் அம்மாவின் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றிக்கொண்டே என்னைப் பார்த்தாள். போகும்போது வாசலில் என் மனைவியிடம், "அக்கா, அண்ணனை ஒருமுறை மனநல டாக்டர்கிட்ட காட்டுங்க, இது சோம்பேறித்தனம் இல்லக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கும் கேட்டது.

டாக்டரிடம் போகக் கூச்சப்பட்டு, முதலில் பெரிய ஊர் ஒன்றில் இருக்கும் ஓர் ஆலோசகரிடம் போனேன். அந்த இடத்தைப் பற்றி நீட்டி எழுதப் போவதில்லை. மூன்று முறை போனேன். மூன்று முறையும் எனக்குள் இருக்கும் சக்தியைப் பற்றிப் பேசினார். மூன்றாவது முறை, "எனக்கு இதில் ஒன்றும் தெரியலீங்க, எப்படிச் சரியாகும் என்றும் புரியலீங்க" என்றேன். "நம்பிக்கை இல்லாமல் வந்தால் எந்தச் சிகிச்சையும் வேலை செய்யாது. முதலில் நம்புங்கள், பிறகு வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார். பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: இதிலும் நான் தேறவில்லை.

இதை இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது. மனச்சோர்வு என்ற நோயே முதலில் பறிப்பது நம்பிக்கையைத்தான். இனி எதுவும் மாறாது என்ற எண்ணம் அந்த நோயின் அறிகுறிகளில் ஒன்று. அப்படிப்பட்டவனிடம் நம்பிக்கையோடு வா என்பது, காய்ச்சல்காரனிடம் உடம்புச் சூட்டைத் தணித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வா என்பதைப் போல. அந்த ஒரு வாக்கியத்தால் எனக்கு மேலும் இரண்டரை மாதம் வீணாகப் போனது.

ஜனவரியில் மனைவி என்னை ஸ்கூட்டியின் பின்னால் உட்கார வைத்து உரக்கடை மாடிக்குக் கூட்டிப் போனாள். அவளுக்கும் முழு நம்பிக்கை இருந்ததாகச் சொல்ல முடியாது. "போய்த்தான் பார்ப்போமே, போகாம இருந்து என்ன கண்டோம்" என்றாள்.

முதல் அமர்வில் அந்த அம்மா முதலில் ஒன்பது கேள்விகள் கேட்டார். பி.எச்.கியூ-9 என்ற தாள். கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் ஆர்வம் இல்லாமல் இருந்ததா, தூக்கம் எப்படி, பசி எப்படி என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மார்க். மொத்தம் 27. எனக்கு 17 வந்தது. 15 முதல் 19 வரை வந்தால் ஓரளவு கடுமையான மனச்சோர்வு என்று வைத்துக்கொள்வார்களாம். ஒரு எண்ணைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் நிம்மதி. அளக்கக்கூடிய ஒன்றுதான் இது என்ற நிம்மதி.

ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் நல்லது என்ற எண்ணம் வந்ததா என்பது. "சில நாட்கள்" என்றேன். மனைவி வெளியே நாற்காலியில் இருந்தாள். அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அவசரப்படாமல் அதைப் பற்றி மட்டும் பதினைந்து நிமிடம் பேசினார். தோட்டத்தில் பூச்சிமருந்து இருக்கிறதா என்று நேராகக் கேட்டார். என் அனுமதியோடு மனைவியை உள்ளே அழைத்தார். அன்று சாயங்காலமே மச்சான் வந்து கொட்டகையில் இருந்த டப்பாக்களை எல்லாம் எடுத்துக்கொண்டு போனார். இரவில் மனசு கெட்டால் யாரிடம் பேசுவது என்று மூன்று பேரைத் தாளில் எழுத வைத்தார். நான்காவதாக 14416 என்று அவரே எழுதினார். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி-மானஸ் எண் அது. இருபத்துநான்கு மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், பணம் கிடையாது. ஒரு ஆலோசகர் முதல் நாளே இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை என்றால் அந்த இடத்துக்கு இரண்டாம் முறை போகவேண்டாம் என்பது என் கருத்து.

அதன்பின் என்னை அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கும் எழுதி அனுப்பினார். தைராய்டு குறைந்தாலும் இதே மாதிரி சோர்வு வரும், ரத்தம் பார்க்காமல் பேச்சை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டக்கூடாது என்றார். தைராய்டு சரியாக இருந்தது. டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார். இரண்டாவது வாரத்திலிருந்து அதையும் சாப்பிட்டேன். இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டைச் சேர்த்தபின் எது எவ்வளவு வேலை செய்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது.

முதல் அமர்வின் கடைசிப் பத்து நிமிடத்தில், தான் என்ன செய்யப் போகிறார், அது எப்படி வேலை செய்யும் என்று அவர் விளக்கினார். ஒரு தாளின் பின்பக்கம் வட்டம் ஒன்றை வரைந்தார். மனசு கனத்தால் வேலையைக் குறைக்கிறோம், ஆளைப் பார்ப்பதைக் குறைக்கிறோம். குறைத்தால் மனசுக்குக் கிடைக்கும் சின்னச் சின்ன சந்தோஷமும் "இதை முடித்தேன்" என்ற நிறைவும் நின்றுபோகின்றன. நின்றால் இன்னும் கனக்கிறது. வட்டத்தின் ஒரு பக்கத்தை விரலால் தட்டி, "மனசை நேரா பிடிச்சுத் தூக்க முடியாதுங்க சார். கைகாலை முதல்ல நகர்த்தலாம், மனசு பின்னாடி வரும். வருதான்னு ரெண்டு பேரும் எழுதிப் பார்ப்போம்" என்றார். ஆங்கிலத்தில் பிஹேவியரல் ஆக்டிவேஷன் என்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் பீட்டர் லெவின்சன் 1970-களில் இதற்கு அடிப்படை போட்டவர்களில் ஒருவர்.

சொல்லி முடித்துவிட்டு இன்னொரு தாளை நீட்டினார். ஆறே கேள்விகள். நான் இப்போது விளக்கிய சிகிச்சை உங்களுக்கு எவ்வளவு பொருத்தமாகத் தெரிகிறது? உங்கள் சிக்கலைக் குறைக்க எவ்வளவு உதவும் என்று நினைக்கிறீர்கள்? இதே கஷ்டத்தில் இருக்கும் நண்பர் ஒருவருக்கு இதைச் சிபாரிசு செய்வீர்களா? இவற்றுக்கு 1 முதல் 9 வரை மார்க். கடைசியில் எத்தனை சதவீதம் குணமாகும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்றும் கேள்வி. முதலில் புத்தி சொல்வதை எழுத வேண்டும், பிறகு மனசு சொல்வதை. இந்தத் தாளின் வேர் 1972-இல் போர்கோவெக், நாவ் என்ற இருவர் செய்த வேலையில் இருக்கிறது. இப்போது புழங்குகிற வடிவத்தை 2000-இல் டெவில்லியும் போர்கோவெக்கும் வெளியிட்டார்கள்.

நான் எல்லாவற்றுக்கும் 2 போட்டேன். சதவீதத்தில் 10. முந்தைய அனுபவம் நினைவுக்கு வந்து, இவரும் அனுப்பிவிடுவார் என்று காத்திருந்தேன்.

அவர் தாளைப் பார்த்தார். "ரெண்டு போட்டிருக்கீங்க. ஏன் ஒண்ணு போடலை?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்து, "நீங்க வரைஞ்ச வட்டம் என் வீட்ல நடக்கிறதுதாங்க. அதுக்காக ஒண்ணு சேர்த்தேன்" என்றேன்.

"சரிங்க. அந்த ஒண்ணை வெச்சுக்கிட்டு ஆரம்பிக்கலாம்."

நம்பிக்கையை அவர் என்னிடம் கேட்கவில்லை, அளந்து மட்டும் வைத்துக்கொண்டார். அந்த ஒரு காரணத்துக்காகவே நான் அடுத்த சனிக்கிழமையும் போனேன்.

வீட்டில் செய்ய அவர் கொடுத்த வேலையைச் சொல்கிறேன். அப்பா கடைசியாக ஒட்டுக்கட்டிய கன்றுகள் நூற்று நாற்பது, கொல்லையில் கறுப்புப் பைகளில் கேட்பாரற்று இருந்தன. மனைவி தண்ணீர் மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவற்றைப் பற்றிச் சொன்னேன். "அதுல தினம் செய்ய வேண்டியது ஏதாவது உண்டா?" என்றார். உண்டு. ஒட்டுப் போட்ட இடத்துக்குக் கீழே, நாட்டுச் செடியின் தண்டில், துளிர் வெடித்துக்கொண்டே இருக்கும். அதைக் கிள்ளிவிட வேண்டும். விட்டுவிட்டால் சத்தை எல்லாம் அது இழுத்துக்கொள்ளும், மேலே வைத்த ஒட்டு காய்ந்துபோகும். "தினம் பத்துப் பை. அதுக்கு மேல வேண்டாம்" என்றார். பத்துக்கு மேல் வேண்டாம் என்று ஏன் சொன்னார் என்று அன்று புரியவில்லை. முடிக்கக்கூடிய அளவாக இருக்க வேண்டும் என்பதுதான் விஷயம்.

முதல் வாரம் ஏழு நாளில் இரண்டு நாள்தான் செய்தேன். குந்தி உட்கார்ந்து, பையைத் திருப்பி, அப்பா சுற்றிய பிளாஸ்டிக் நாடாவுக்குக் கீழே விரலை விட்டுத் தடவுவேன். துளிர் இளசாக, செம்பு நிறத்தில் இருக்கும். நகத்தால் கிள்ளினால் சின்னதாக ஒரு 'டிக்'. விரலில் மாம்பால் பிசுபிசுக்கும், அந்த வாசனை கை கழுவினாலும் போகாது. அப்பாவின் சட்டையில் வருகிற அதே வாசனை. மூன்றாவது நாள் அந்த வாசனைக்கே அழுகை வந்து எழுந்து போய்விட்டேன். அந்த வாரம் நோட்டில் சந்தோஷத்துக்கு 0, நிறைவுக்கு 1 என்று எழுதினேன். பத்துக்கு எத்தனை என்று ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு மார்க் போட வேண்டும் என்பது அவர் கொடுத்த கணக்கு.

அழுததைச் சொன்னபோது, "நல்லது, ஏப்ரல்ல அழ வேண்டியது" என்றார். அதோடு விட்டுவிட்டார். தோண்டவில்லை.

இரண்டாவது வாரம் ஐந்து நாள், மூன்றாவது வாரம் ஆறு நாள். நிறைவுக்கு 3, 4 என்று வர ஆரம்பித்தது. சந்தோஷம் இன்னும் 1-லேயே நின்றது. நான்காவது அமர்வில் அந்த ஆறு கேள்வித் தாளை மறுபடி கொடுத்தார். பொருத்தமாகத் தெரிகிறதா என்பதற்கு 5 போட்டேன், சதவீதம் 40. பி.எச்.கியூ 14-க்கு இறங்கியிருந்தது. எட்டாவது அமர்வில் 9. பன்னிரண்டாவதில் 5.

இங்கே நோட்டைக் கவனித்துப் பார்த்தேன். என் கணக்கில் முதலில் கூடியது வேலை செய்த நாட்கள். அப்புறம் நிறைவு மார்க். நம்பிக்கை மூன்றாவதாகத்தான் வந்தது. நம்பி கிள்ளவில்லை, கிள்ளியபின் கொஞ்சம் நம்பினேன். ஆனால் இது ஒரு டிரம்மில் எடுத்த ஒரே ஒரு சொட்டு. இதை வைத்து லாரி முழுவதற்கும் கையெழுத்துப் போட நான் தயாரில்லை. அக்கா மகள் பெங்களூருவில் உளவியல் முதுகலை படிக்கிறாள். அவளிடம் கேட்டேன். "மாமா, இதுக்குன்னே நிறைய ஆய்வு இருக்கு" என்று எடுத்துச் சொன்னாள். பல நாள் இருவரும் உட்கார்ந்து பேசினோம். எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன்.

2018-இல் மைக்கேல் கான்ஸ்டன்டினோ என்பவரும் அவருடைய குழுவும் பழைய ஆய்வுகளை எல்லாம் சேர்த்து இரண்டு கணக்குப் போட்டார்கள். குணமாவோம் என்ற எதிர்பார்ப்புக்கும் கடைசியில் கிடைத்த பலனுக்கும் உள்ள தொடர்பு ஒன்று. இதில் 81 தொகுதிகள், அதாவது ஆய்வுகளில் கலந்துகொண்ட தனித்தனிக் குழுக்கள், மொத்தம் 12,000-க்கும் மேற்பட்ட ஆட்கள். தொடர்பு எண் 0.18. இந்தச் சிகிச்சை பொருத்தமானது என்ற நம்பிக்கைக்கும் பலனுக்கும் உள்ள தொடர்பு இன்னொன்று. 24 தொகுதிகள், சுமார் 1,500 ஆட்கள். எண் 0.12. மனச்சோர்வு மட்டுமல்லாமல் வேறு மனநலச் சிக்கல்களும் இவற்றில் சேர்ந்திருக்கின்றன. தொடர்பே இல்லை என்றால் 0, முழுக்க ஒட்டிப்போனால் 1. அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கினால், ஆளுக்கு ஆள் பலன் வேறுபடுவதில் எத்தனை பங்கு இதோடு சேர்ந்து போகிறது என்று தெரியும். 0.18-க்கு நூற்றில் மூன்று பங்கு. 0.12-க்கு ஒன்றரை பங்குகூட இல்லை.

தொடர்பு இருக்கிறது, சின்னதாக இருக்கிறது. "நம்பாவிட்டால் வேலையே செய்யாது" என்று என்னை வெளியே அனுப்பியவரின் பேச்சுக்கு இந்த எண்களில் இடமே இல்லை. 2 போட்டவனும் தேறலாம், 9 போட்டவனும் தேறாமல் போகலாம்.

அதே வருடம் வந்த இன்னொரு தொகுப்பு, ஆலோசகருக்கும் வருகிறவருக்கும் உள்ள ஒத்துழைப்பைப் பற்றியது. 295 ஆய்வுகள், எண் சுமார் 0.28. எட்டுப் பங்கு. எதை நோக்கிப் போகிறோம், அதற்கு என்ன வேலை செய்கிறோம், ஒருவர்மேல் ஒருவருக்கு ஒட்டுதல் இருக்கிறதா, இந்த மூன்றும் சேர்ந்ததுதான் ஒத்துழைப்பு என்று 1979-லேயே போர்டின் என்பவர் வகுத்திருக்கிறார். எதிர்பார்ப்பு நல்லதாக இருந்தால் இந்த ஒத்துழைப்பு நன்றாக அமைகிறது, அந்த வழியாகவும் பலன் வருகிறது என்று தெரிகிறதாம். எனக்கு அது தலைகீழாக நடந்தது. என் 2-ஐ அவர் ஏற்றுக்கொண்டதால் ஒட்டுதல் வந்தது.

தேறத் தொடங்கினாலே நம்பிக்கை கூடும் என்பதையும் மறக்கக்கூடாது. எது எதை இழுத்தது என்று தொடர்பு எண் மட்டும் சொல்லாது. பிரிக்ஸ் கூடுவதும் தோல் மஞ்சளாவதும் சேர்ந்தேதான் நடக்கும், அதற்காக மஞ்சள் நிறம் சர்க்கரையை உண்டாக்கியது என்று யாரும் சொல்வதில்லை.

இன்னொரு ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. 1996-இல் ஆடிஸ், ஜேக்கப்சன் இருவரும், மனச்சோர்வு வந்ததற்கு ஒருவர் என்ன காரணம் சொல்கிறார் என்று கேட்டு, அதற்கும் அவர் எந்தச் சிகிச்சையில் தேறுகிறார் என்பதற்கும் தொடர்பு இருப்பதைப் பார்த்தார்கள். 2000-இல் அவர்களே, சிகிச்சையின் விளக்கத்தை ஒருவர் ஏற்றுக்கொள்வதும் வீட்டு வேலையைச் செய்வதும் தேறுவதோடு தொடர்புடையவை என்று எழுதினார்கள். ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றால் விளக்கம் நம் வாழ்க்கையில் பொருந்த வேண்டும். "உங்களுக்குள் இருக்கும் சக்தி" எனக்குப் பொருந்தவில்லை. வட்டம் பொருந்தியது. கொல்லையில் பத்துப் பை என்பது இன்னும் பொருந்தியது.

கோவாவில் நடந்த ஆய்வு ஒன்றையும் அக்கா மகள் காட்டினாள். விக்ரம் படேல் குழு, 2017-இல் வெளியானது. ஆரம்பச் சுகாதார நிலையங்களுக்கு வந்த, கடுமையான மனச்சோர்வு உள்ள 495 பேர். பாதிப் பேருக்கு வழக்கமான மருத்துவம். மீதிப் பேருக்கு அதோடு ஆறு முதல் எட்டு அமர்வு, அதே வட்டத்து முறைதான். நடத்தியவர்கள் உளவியல் படித்தவர்கள் அல்லர், பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள். மூன்று மாதத்தில் முதல் பிரிவில் நூற்றுக்கு 39 பேரும் இரண்டாவது பிரிவில் 64 பேரும் நோயின் பிடியிலிருந்து வெளியே வந்திருந்தார்கள். நம் ஊர் மாதிரி ஊர்களில், நம்மைப் போன்றவர்களிடம் நடந்தது. அம்மாவுக்கு மாத்திரை கொண்டுவரும் அந்தப் பெண்ணை நினைத்துக்கொண்டேன்.

அம்மாவின் தேங்காயைப் பற்றியும் பேச்சு வந்தது. ஜெரோம் ஃபிராங்க் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், கோயிலோ பூசாரியோ மனநல மருத்துவரோ, ஆற்றுகிற இடங்கள் எல்லாவற்றிலும் நான்கு பொதுவாக இருக்கின்றன என்றாராம். மனம் திறந்து பேச ஒருவர், அதற்கென்று ஓர் இடம், ஏன் இப்படி ஆனது என்று ஒரு விளக்கம், இருவரும் நம்பிச் செய்கிற ஒரு சடங்கு அல்லது முறை. அம்மா எனக்காகத் தேங்காய் கட்டியபோது இந்த நான்கும் அவருக்கு இருந்தன. எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் எனக்காக ஒருவர் வேண்டிக்கொண்டு நிற்கிறார் என்பது, செருப்பு மாட்ட முடியாத காலையில், சின்ன விஷயம் இல்லை. ஏப்ரல் கடைசியில் அம்மாவோடு அந்தக் கோயிலுக்கு நடந்தே போய்விட்டு வந்தேன்.

சரி, குறைகளையும் சொல்லிவிடுகிறேன். காத்திருக்கும் நாற்காலிகள் மாடி வராந்தாவில், தெருவைப் பார்த்தாற்போல இருக்கின்றன. உரம் வாங்க வருகிற சொந்தக்காரர் நிமிர்ந்தால் நம்மைப் பார்த்துவிடலாம். சின்ன ஊரில் இது பெரிய தொல்லை. நான் முதல் மூன்று வாரம் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு திரை போட எவ்வளவு ஆகிவிடும்? சுவர் மெல்லிசு. கீழே மூட்டை இறக்கும் சத்தம் பேச்சுக்கு நடுவில் வந்து விழும். தாள்கள் ஆங்கிலத்தில் இருந்தன, அவர் ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் சொல்லி எழுத வைத்தார். எனக்குப் படிக்க வரும், வராதவர்களுக்கு நல்ல தமிழில் அச்சிட்டுக் கையில் கொடுத்தால்தான் மரியாதை. இரண்டு முறை காலையில் வாட்ஸ்அப்பில் சொல்லி அன்றைய நேரத்தை மாற்றினார். அதில் ஒன்று எனக்கு மோசமான வாரம். போன் வழியாகப் பேசிய ஓர் அமர்வு சிக்னல் விட்டு விட்டு வந்து பாதி வீணானது, அதற்கும் முழுக் கட்டணம் வாங்கியது எனக்கு வருத்தம்தான். மூன்று மணிக்கு முழிப்பு வருகிற பிரச்சினைக்கு அவரிடம் பெரிதாகத் தீர்வு கிடைக்கவில்லை, இன்றும் வாரத்தில் ஒரு நாள் வருகிறது. 5-க்கு 4 கொடுக்கிறேன்.

600 ரூபாய் முடியாதவர்கள் தயங்க வேண்டாம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் டாக்டரைப் பார்ப்பதற்கும் மாத்திரைக்கும் பணம் இல்லை. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள். சாப்பிடுகிற மற்ற மாத்திரைகளின் அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள். எங்கே போனாலும் முதல் அமர்வில் ஒன்று கேளுங்கள்: "நீங்க என்ன செய்யப் போறீங்க, அது எனக்கு எப்படி உதவும்?" பதில் உங்கள் வாழ்க்கையோடு ஒட்டினால் இருங்கள். ஒட்டவில்லை என்றால் ஒட்டவில்லை என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அதற்கு அவர் முகம் என்னவாகிறது என்று கவனியுங்கள்.

அந்த ஆறு கேள்வியில் நண்பருக்குச் சிபாரிசு செய்வீர்களா என்று ஒன்று இருந்தது அல்லவா? கடைசி அமர்வில் அதற்கு 8 போட்டேன். இந்த சீசனில், டிரம் உருட்டும் பிரிவில் இருக்கும் ஒரு தம்பி ஒரு வாரமாகச் சோற்றுத் தூக்கைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்தேன். பேசினேன். சனிக்கிழமை நானே கூட்டிப் போய் வராந்தா நாற்காலியில் காத்திருந்தேன், துண்டு இல்லாமல். திரும்பி வரும்போது பஸ்ஸில், "எவ்வளவுப்பா போட்ட?" என்று கேட்டேன். எழுதிக்கொள்ளுங்கள் என்று அவனே சொன்னதால் எழுதுகிறேன்.

"ஒண்ணுண்ணா" என்றான்.

அடுத்த சனிக்கிழமை ஒன்பதரைக்கே வந்து பஸ் ஸ்டாண்டில் எனக்காக நின்றுகொண்டிருந்தான்.